மூக்கையா அன்னைக்குக் கறி திங்கல

பொம்பள விசயமா இருக்கும்னாக. இல்லயில்ல, நகை நட்டுக்கு ஆசப்பட்டிருப்பான்னாக. குஜிலியம்பாறைச் சந்தையில ஒருத்தி, அவன் மேல கெணத்துப் பேய் ஏறிக்கிட்டுப் பலி கேட்டுச்சாம்னு கண்ணை உருட்டிக் கதை சொல்லிக்கிட்டு இருந்தா. நான் பக்கத்துல குத்தவச்சுக் கத்திரிக்காய் பொறுக்கிக்கிட்டே கேட்டேன். நான்தான் அவன் பொஞ்சாதின்னு அவளுக்குத் தெரியல. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கூடையைத் தூக்கி அவ தலையிலயே கவுத்திருப்பேன். பேயாம்ல பேய். போற போக்குல பேய் மேல பழியைப் போட்டுட்டா அம்புட்டுப் பேருக்கும் நிம்மதி.

எங்க வீட்டுக்காரன் மூக்கையா மூணு பேரைக் கொன்னான். நாலாவது சண்முகவள்ளி. அவளை மட்டும் அவன் கையில இருந்தே நான் திருப்பி வாங்குனேன். எதுக்குக் கொன்னான்னு போலீசு ஒரு மாதிரி எழுதிக்கிச்சு, திண்டுக்கல் வக்கீல் ஒரு மாதிரி பேசுனாரு. அவன் வாயால சொன்னது எங்கிட்ட ஒருத்திகிட்டத்தான். அதைச் சொல்றேன், செத்த நேரம் குறுக்க பேசாமக் கேளுங்க. நான் வேகமாத்தான் பேசுவேன். எங்க அப்பன் காலத்துல இருந்து ஏச்சு வாங்கியும் இந்த வாயி மாறல. முன்னெல்லாம் அவரு இவருன்னுதான் சொல்லுவேன். இப்ப அவன்னுதான் வருது, அதையும் பொறுத்துக்கங்க.

அவன் பொறந்தது நத்தம் பக்கம். ஆத்தாளும் அப்பனும் ஒரே வாரத்துல பேதியில போய்ச் சேந்துட்டாக. தாய்மாமன் கூட்டியாந்து எங்க ஊரு ஆட்டுப்பட்டியில விட்டுட்டாரு. மாமன் கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டேன். வீடு நெறையப் பிள்ளைக, அதுல இவனும் ஒண்ணு. தின்னானா, படுத்தானான்னு கேக்க ஆளு இல்ல. காச்சல்னு படுத்தாக்கூட ஆடு எண்ணிக்கை கொறஞ்சாத்தான் தேடுவாக.

ஆடு மேய்க்கிற பயலுகளுக்கு மத்தியானம்னா கெணறுதான். இவன் மூச்சடக்கி அடியில போயி உக்காந்துக்குவானாம். மத்த பயலுக அய்யோ போயிட்டான்னு ஊருக்குள்ள கத்திக்கிட்டு ஓடுவாக. அந்த நேரத்துல இவன் மேல ஏறி வேலி மறவுல உக்காந்துக்கிட்டு, தனக்காக ஆளுக ஓடி வாரதைப் பாத்துக்கிட்டு இருப்பானாம். இதை எங்கிட்டச் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவான். நானும் கூடச் சேந்து சிரிப்பேன். அதுல என்ன இருக்குன்னு அப்ப எனக்கு எப்படித் தெரியும்?

நான் அவனைப் பாத்ததே ஒரு பித்தளைக் குடத்தால. எங்க ஆத்தா சீதனமாக் கொண்டு வந்த குடம், என் கை நழுவிக் கெணத்துக்குள்ள போயிருச்சு. கொக்கி கொக்கியாத் தொங்குமே பாதாளக்கரண்டி, அதைக் கயித்துல கட்டிப் போட்டு அன்னைக்குப் பூராத் துழாவுனோம். ம்ஹூம். ஆத்தா என்னைத் தொவைச்சு எடுத்துட்டா. மறுநா மூக்கையா வந்தான். கறுத்த ஒடம்பு, இடுப்புல ஒரு துண்டு. வாளியில எறைச்சு வச்சிருந்த கெணத்துத் தண்ணியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டான், குதிச்சான். இப்ப வருவான் அப்ப வருவான்னு எட்டி எட்டிப் பாக்குறேன், ஆளக் காணோம். எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்ப மேல வந்தான் பாருங்க, குடத்தைத் தலையில தொப்பி மாதிரிக் கவுத்துக்கிட்டு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அந்தத் தையிலயே எங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சு. நாடு சுதந்திரம் வாங்கி ஏழெட்டு வருசம் இருக்கும்.

கல்யாணத்துக்குப் பெறகு அவனுக்குக் கயிறு புடிக்கிறது நான்தான். இடுப்புல ஒரு கயிறு கட்டிக்கிட்டுத்தான் இறங்குவான். மேல நான் புடிச்சிருப்பேன். ஒருக்கா இழுத்தா விடுன்னு அர்த்தம், ரெண்டு தரம் இழுத்தா மேல தூக்குன்னு அர்த்தம். வேற எவன் கையிலயும் அந்தக் கயித்தைக் குடுக்க மாட்டான். ஏன்யான்னு கேட்டா, எவனாச்சும் பராக்குப் பாத்துருவான், நீ பாக்க மாட்டம்பான். எனக்கு அது எம்புட்டுப் பெருமை தெரியுமா.

வாளி, குடம் எடுக்குறதெல்லாம் சும்மா. பொணம் எடுக்குறதுதான் அவன் தொழில்னு பேரு. எங்க பக்கம் மானம் பாத்த பூமி. கெணறெல்லாம் பாறையை வெடி வச்சுத் தோண்டுன பாதாளம். தவறி விழுந்தாலும், தானா விழுந்தாலும் ஒடம்பு பொடவுக்குள்ள, பாறைக் குடைவுக்குள்ள போயிச் செருகிக்கிரும். சுத்துப்பட்டுல எந்த ஊருல விழுந்தாலும் ஒரு ஆளு சைக்கிள்ல பறந்து வருவான். நாங்க கயித்தைத் தூக்கிக்கிட்டுக் கெளம்புவோம். அங்க போனா, அடேயப்பா, கெணத்தைச் சுத்தி ஊரே நிக்கும். இவன் தலை தெரிஞ்சதும் கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சு வழி விடும். அழுதுக்கிட்டு இருக்கிறவகூட நிப்பாட்டிட்டு இவன் மொகத்தையே பாப்பா. அத்தனை கண்ணும் இவன் மேல. இவன் இறங்கி, ஒடம்பைக் கயித்துக் கட்டில்ல கட்டி மேல அனுப்பிட்டு வருவான்.

வந்ததும் எங்க பக்கத்து வழக்கம் ஒண்ணு இருக்கு. செத்தவுக வீட்டுப் பெரிய மனுசன் யாரா இருந்தாலும், ஊரையே கட்டி ஆளுறவனா இருந்தாலும், பொணம் எடுத்தவன் தலையில தண்ணி ஊத்தி, கோடி வேட்டி போத்தி, தலைப்பாக் கட்டி, கால்ல விழுகணும். பெறகு கருமாதி அன்னைக்குப் பந்தியில மொத இலை இவனுக்குத்தான். இவன் கை நனைச்ச பெறகுதான் பங்காளிகளே சோத்துல கை வைக்கலாம். மத்த நாள்ல ஏலே மூக்கான்னு கூப்பிட்டு ஆட்டை வேலிக்கு அங்கிட்டுப் பத்துன்னு வெரட்டுற ஆளுக, அன்னைக்கு அப்பு மூக்கையா, இன்னுங் கொஞ்சம் போட்டுக்க அப்புன்னு நிப்பாக. எனக்கும் மாரு நிமிந்துக்கும். பொய் சொல்லுவானேன்.

இன்னொண்ணும் சொல்லணும், அதுதான் முக்கியம். பொணத்துக்கு இறங்குற அன்னைக்கு அவன் வயித்துல பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் இருக்கக் கூடாது. சோறு உள்ள இருந்தா மூச்சு நிக்காதும்பான். சைக்கிள் ஆளு வாரப்ப தின்னுக்கிட்டு இருந்தான்னா, எந்திரிச்சு வேலிப் பக்கம் போயி வாயில வெரலை விட்டுத் தின்னதை வெளிய எடுத்துட்டுத்தான் கெளம்புவான். கெளம்பும்போது வயித்தைத் தடவிக்கிட்டு, வயிறு லேசா இருக்கட்டும்னு ஒரு வார்த்தை சொல்லுவான். இறங்குற அன்னைக்கு மட்டுந்தான் அந்த வார்த்தை அவன் வாயில வரும்.

பெறகு கரண்டு வந்துச்சு. தோட்டத்துக்குத் தோட்டம் மோட்டார் போட்டாக. மாடு கட்டித் தண்ணி எறைக்கிற கமலை போச்சு, வாளி போச்சு. கெணத்துக்கெல்லாம் சுத்துச்சுவர் எழுப்புனாக. நல்லதுதான? எல்லாரும் நல்லதுன்னுதான் சொன்னோம். ஒரு வருசம் ஓடுச்சு, ரெண்டு வருசம் ஓடுச்சு, ஒரு சைக்கிளும் எங்க வீட்டுக்கு வரல. அவன் ஆட்டைப் பத்திக்கிட்டுப் போவான், வருவான். ரோட்டுல சைக்கிள் மணி கேட்டா எந்திரிச்சுப் பாப்பான். தபால்காரரா இருக்கும். உக்காந்துக்குவான். கோடி வேட்டி எல்லாத்தையும் தகரப் பெட்டியில மடிச்சு வச்சிருந்தான், கட்டவே மாட்டான். வெளிய எடுத்து ஒதறுவான், திரும்ப மடிப்பான். என்னய்யா இது, கட்டாத வேட்டியை எதுக்கு ஒதறுறன்னு ஏசுவேன்.

சீனாக்காரனோட சண்டை நடந்த வருசம், புகையிலைத் தோட்டத்து ஆண்டிச்சாமி கெணத்துல விழுந்தாரு. குடிக்கிற மனுசன், தவறி விழுந்துட்டாருன்னு ஊரு சொல்லுச்சு. மூக்கையா இறங்கி எடுத்தான். திரும்பவும் கோடி, தலைப்பா, மொத இலை. மனுசன் அன்னைக்கு வீட்டுக்கு வந்து பாட்டுப் பாடுனான், பாத்துக்கங்க. எனக்கு ஒரே சந்தோசம், பழைய ஆளு திரும்பி வந்துட்டான்னு. அடுத்து அருளப்பன் வாத்தியார். நல்ல மனுசன், யார் வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் கூப்பிட்டு வச்சு எழுத்துச் சொல்லிக் குடுப்பாரு. கோயில் மணி அடிச்சு வேதக்காரவுக அம்புட்டுப் பேரும் கூடிட்டாக, அவுகளும் கோடி போட்டாக. அதுக்கடுத்து தங்கமுத்து. நாலு அண்ணன்மாரோட பெறந்தவ. அண்ணன்மாரு நாலு பேரும் வரிசையா இவன் கால்ல விழுந்தாக. மூணு பேர் ஒடம்புலயும் ஒரு குண்டுமணி நகை கொறையல. எல்லாம் தவறி விழுந்ததுன்னுதான் எழுதுனாக. நம்ம ஊருக் கெணறு ஆளைக் கேக்குதுன்னு பொங்கல் வச்சுக் கும்பிட்டோம். யாரைக் கும்பிட்டிருக்கணும்னு இப்பத் தெரியுது.

இப்ப அந்த நாளுக்கு வாரேன்.

எங்க ஊரு நாட்டாமை சுருளிவேல் வீட்டுல பேரனுக்குக் காதுகுத்து. அவுக தோட்டத்துக் கருப்பணசாமிக்குக் கெடா வெட்டி, புளியந்தோப்புல பந்தி. குழாய் ரேடியோ கட்டி காலையில இருந்தே பாட்டு, காது கிழியுது. நான் கறிக்குழம்பு வாளியோட பரிமாறுறேன். நாட்டாமையோட ரெண்டாவது மருமக சண்முகவள்ளி, கல்யாணமாகி வந்து மூணு மாசந்தான். ஊருக்குப் புதுசு. எங்கிட்டத்தான் ஒட்டிக்கிட்டா. ஆட்டுக்காரன் பொஞ்சாதிகூட என்ன பேச்சுன்னு அவ மாமியா வஞ்சாலும் கேக்க மாட்டா. மாயக்கா மாயக்கான்னு வாசல்ல வந்து நிப்பா. எனக்குப் பிள்ளை இல்ல. அவ வந்து நின்னா எனக்கு என்னமோ வீடு நெறஞ்ச மாதிரி இருக்கும்.

மூக்கையாவுக்குக் கெடாக்கறின்னா உசுரு. ரத்தப்பொரியல் இருந்தா இலையை வழிச்சு நக்குவான். அன்னைக்கு எங்கிட்டோ போயிட்டு வந்து, தள்ளி ஒரு மரத்தடியில உக்காந்திருக்கான், இலை முன்னாடி இல்ல. பந்தியில எடம் குடுக்கலையோ, கோவிச்சுக்கிட்டானோன்னு நானே ஒரு இலையை எடுத்துக்கிட்டுப் போயி விரிச்சேன். வேணாம்னான். ஈரல் எடுத்து வச்சிருக்கேன்யான்னேன். வயித்தைத் தடவுனான்.

"வேணாம்டி மாயி. வயிறு லேசா இருக்கட்டும்."

சரின்னுட்டுத் திரும்பிட்டேன். வாளியைத் தூக்கிக்கிட்டு நாலு எட்டு வச்சிருப்பேன். கால் ஓடல. சைக்கிள் வரல. ஆளு வரல. எந்த ஊருலயும் யாரும் விழுந்ததாச் சேதி இல்ல. இவன் யாருக்கு இறங்கப் போறான்?

தங்கமுத்து செத்த அன்னைக்குக் காலையில சோளக்கஞ்சி அப்படியே ஆடை படிஞ்சு இருந்தது ஞாபகம் வந்துச்சு. சைக்கிள் வாரதுக்கு முன்னாடியே அவன் கஞ்சி குடிக்கல. காச்சல்னு நெனச்சுச் சுக்குத்தண்ணி போட்டுக் குடுத்தேன் நான். அருளப்பன் வாத்தியார் அன்னைக்கும் அப்படித்தான். வாளி கை நழுவிக் குழம்பெல்லாம் கால்ல கொட்டுச்சு. சுட்டதுகூடத் தெரியல. பந்தியை ஒரு சுத்துப் பாத்தேன். யாரு இல்ல, யாரு இல்ல? நாட்டாமை இருக்காரு. மகனுக இருக்காக. மூத்த மருமக இருக்கா.

வள்ளி எங்கன்னு அவ மாமியாகிட்டக் கேட்டேன். இலை பத்தலைன்னு வாழைத் தோட்டத்துக்கு அனுப்புனேன், அப்பயே போனவ, வரட்டும் இன்னைக்கு இருக்குன்னு அது கடுகடுத்துச்சு. வாழைத் தோட்டத்துலதான் பழைய கெணறு இருக்கு. மோட்டார் கெணறு வெட்டுன பெறகு கேப்பாரத்துக் கெடக்குது. படி சரிஞ்சு, சுவர் இடிஞ்சு கெடக்கும்.

ஓடுனேன் பாருங்க ஒரு ஓட்டம்! சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு, வள்ளி கெணத்துல, வள்ளி கெணத்துலன்னு கத்திக்கிட்டே ஓடுறேன். ரேடியோச் சத்தத்துல மொதல்ல யாருக்கும் வெளங்கல. பெறகு ஒருத்தன் ரெண்டு பேருன்னு என் பின்னாடி ஓடி வந்தாக. குப்புறப் படுத்துக் கெணத்துக்குள்ள எட்டிப் பாத்தேன். கண்ணு இருட்டுக்குப் பழகச் செத்த நேரம் ஆச்சு. பொடவுல, கழுத்தளவு தண்ணியில, பாறை இடுக்குல மொளைச்ச அத்திச் செடியை ஒரு கையால புடிச்சுக்கிட்டு ஒரு மொகம். கண்ணு முழிச்சிருக்கு. உசுரு இருக்கு!

எனக்கு வந்த சந்தோசத்துல சத்தம் போட்டு அழுதுட்டேன். பயலுக கயித்தை விட்டாக. அவளால புடிக்க முடியல, ஒரு கை ஒடிஞ்சு தொங்குது. ஒருத்தன் சரிஞ்ச படி வழியா இறங்கப் பாத்தான். கல்லு பேந்து அவ தலைக்குப் பக்கத்துல போயி விழுந்துச்சு. வேணாம்டா வேணாம்டான்னு நாட்டாமை கதறுனாரு. அத்திச் செடி வேரோட ஆடுது. அப்ப எல்லாரும் ஒரே வாய்ல சொன்னாக, மூக்கையாவைக் கூப்பிடுங்கன்னு.

கூப்பிடத் தேவையில்ல. அவன் வந்துக்கிட்டுத்தான் இருந்தான். தோள்ல கயிறு. காதுகுத்துக்கு எவனாச்சும் கெணத்துக் கயிறு கொண்டு வருவானா? யாரும் அதைக் கேக்கல. கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சு வழி விட்டுச்சு. மொகத்துல அப்படி ஒரு களை, மாப்பிள்ளை கணக்கா நடந்து வாரான். வந்து எட்டிப் பாத்தான். உசுரோட இருக்கிறதைப் பாத்தான்.

அந்த மொகம் தொங்கிப் போச்சுங்க. மத்தவுக எல்லாம் கெணத்தைப் பாத்தாக, நான் அவனைப் பாத்தேன். கீழ வள்ளி இவனைப் பாத்ததும் வேணாம் வேணாம்னு தலையை ஆட்டுறா, பல்லு கிட்டிச்சுப் பேச்சு வரல. புள்ள பயப்படுதுன்னாக. எதுக்குப் பயப்படுதுன்னு எனக்குல்ல தெரியும்!

இப்ப நான் என்ன செய்ய? இவன்தான் தள்ளுனான்னு கத்துனா, கூட்டம் அங்கனயே இவனை அடிச்சுக் கொன்னு போடும். பெறகு வள்ளியை எடுக்க அந்தச் சீமையில ஒரு ஆளு கெடையாது. கத்தாம விட்டா, இவன் கீழ போயி ஒரு அமுக்கு அமுக்கிட்டு, நான் போறதுக்குள்ள உசுரு போயிருச்சுன்னு மேல அனுப்பிருவான். செடி ஆடுது. யோசிக்க எங்க நேரம்?

அவன் இடுப்புல நான்தான் கயித்தைக் கட்டுனேன். கட்டும்போது காதுக்கிட்ட வாயை வச்சேன்.

"எனக்குத் தெரியும்யா. அவ உசுரோட மேல வந்தா நீயும் வருவ. இல்லைன்னா இந்தக் கயித்தை விட்டுருவேன்."

என்னை ஒரு பார்வை பாத்தான். எத்தனை வருசம் குடும்பம் நடத்துனோம், அவன் கண்ணுல பயத்தை அன்னைக்குத்தான் பாத்தேன். இறங்கிட்டான்.

கமலைக் கல்லுக்கால்ல கயித்தை ஒரு சுத்துச் சுத்திப் புடிச்சுக்கிட்டேன். தோட்டத்துல கெடந்த கயித்துக் கட்டிலை நாலு பேரு தனிக் கயித்துல இறக்குனாக. அவன் பொடவுக்குள்ள போனான். நான் நின்ன பக்கத்துல இருந்து ரெண்டு பேரும் தெரியல. தண்ணி சலசலன்னு ஆடுது. வள்ளியோட முனங்கல் கேட்டுச்சு, நின்னுருச்சு. கயித்தைக் கல்லுக்கால்ல இருந்து எடுத்து வெடுக்குன்னு ஒரு தரம் தளத்தி விட்டேன். கீழ அவன் ஒடம்பு தொப்புன்னு தண்ணியில விழுகுற சத்தம் கேட்டுச்சு. திரும்ப இழுத்துப் புடிச்சேன். புரிஞ்சிருக்கும்ல?

கட்டில் கயிறு ஆடுச்சு. நாலு பேரும் இழுத்தாக. வள்ளி மேல வந்தா. கட்டில்ல சேத்துக் கட்டி, தலை தொங்காம அவன் துண்டை மடிச்சுத் தலைக்கு அண்டக் குடுத்திருந்தான். ஒதடு நீலம் பாரிச்சிருந்துச்சு, மூச்சு ஓடிக்கிட்டு இருந்துச்சு. மாயக்கான்னு சொல்ல வாயெடுத்தா, வரல.

அவ்வளவுதான், ஊரே ஒரு கத்துக் கத்துச்சு. அவ புருசன் கட்டிலோட தூக்கித் தோள்ல வச்சான். வில்லுவண்டியைப் பூட்டுங்கடா, திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு விடுங்கடான்னு நாட்டாமை ஓடுறாரு, தலைத்துண்டு விழுந்ததுகூடத் தெரியாம. மாமியா மாருல அடிச்சுக்கிட்டு ஓடுது. பிள்ளை குட்டி, கிழடு கட்டை எல்லாம் கட்டில் பின்னாடி ஓடுது. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள அந்த வாழைத் தோட்டத்துல ஒரு குஞ்சு குருமான் இல்ல.

நான் மட்டும் நிக்கிறேன். கையில கயிறு. கயித்தோட அந்தத் தலைப்புல அவன்.

கயிறு ரெண்டு தரம் ஆடுச்சு. தூக்குன்னு கேக்குறான். செத்த நேரம் கழிச்சுத் திரும்பவும் ரெண்டு தரம். நான் ஒத்தப் பொம்பள எங்க தூக்குறது? விட்டுருவோமான்னு ஒரு நெனப்பு வந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். கையை விரிச்சாப் போதும். மூணு குடும்பத்துக் கணக்கும் அங்கனயே முடிஞ்சிருக்கும். ஆனா நான் என்ன அவனா? கயித்தைக் கல்லுக்கால்ல இறுக்கக் கட்டிட்டு, ஏறி வான்னு உள்ள பாத்துச் சொன்னேன். கைமாத்திக் கைமாத்தி ஏறி வந்தான். மேட்டுல உக்காந்தான். ஒடம்பெல்லாம் வெடவெடன்னு ஆடுது, துடைக்கத் துண்டு இல்ல. கூட்டம் போன திசையையே பாத்துக்கிட்டு இருந்தான். பெறகு ஒரு சிரிப்புச் சிரிச்சான்.

"பாத்தியா? ஒருத்தன் திரும்பிப் பாத்தானா?"

எனக்கு வெளங்கல. அப்பத்தான் சொன்னான். சின்ன வயசுல, ஆடு மேய்க்கும்போது, ஒரு வீட்டுப் பயலை உசுரோட கெணத்துல இருந்து இழுத்துப் போட்டானாம். அந்தப் பயலோட ஆத்தா அள்ளிக்கிட்டு ஓடிட்டாளாம், ஊரே அவ பின்னாடி ஓடிருச்சாம். இவன் கெணத்தடியில தண்ணியைக் கக்கிக்கிட்டுப் பொழுது சாயுற மட்டும் தனியாக் கெடந்தானாம். யாரும் வரலையாம். மறு மாசம் வேற ஒரு கெணத்துல ஒரு பொணத்தை எடுத்துக் குடுத்தான். அன்னைக்குத்தான் மொத மொதல்ல கோடி வேட்டி போட்டாகளாம்.

"உசுரோட குடுத்தா வாங்கிக்கிட்டு ஓடிருதாக மாயி. செத்தாத்தான் எனக்காக நிக்கிறாக."

அவன் கொன்ன மூணு பேருக்காகவும் கூடி அழுகுறதுக்கு ஆளு நெறைய. அதுதான் அந்த மூணு பேரும் செஞ்ச குத்தம். வள்ளி செஞ்ச குத்தமும் அதுதான். நான் விட்டேன் ஒரு அறை. என் ஆயுசுல அவன் மேல கை வச்சது அந்த ஒரு தரந்தான். எனக்கு அழுகையும் வருது, ஆத்திரமும் வருது, கை கயிறு அறுத்து ரத்தமா ஒழுகுது. அந்தக் கையை அவன் மூஞ்சிக்கு முன்னாடி நீட்டுனேன். அவ்வளவு நேரமும் எனக்கு ஒரு பக்கம் நெனப்புத்தான், உசுரோட எடுத்துக் குடுத்துட்டானே, வள்ளி பொழைச்சுட்டாளே, சொல்லாம விட்டுருவோமா, எங்கிட்டாவது சிறுமலைப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போயிருவோமான்னு. அம்புட்டுப் பைத்தியக்காரி நான்.

"நான் நின்னேன்லய்யா? அத்தனை கெணத்துலயும், இப்பவும், நான் நிக்கிறேன்ல?"

அவன் என்னைப் பாத்தான். நான் என்னமோ வெளங்காத்தனமாக் கேட்டுட்ட மாதிரி பாத்தான்.

"நீ என் பொஞ்சாதிதானடி. நீ நிக்கிறது ஒரு கணக்கா?"

அவனை அங்கனயே விட்டேன். நேரா நாட்டாமை வீட்டுக்கு நடந்தேன். வண்டி கெளம்பிப் போயிருந்துச்சு. பங்காளிக நெறையப் பேரு அங்கதான் நின்னாக. எல்லார் முன்னாடியும் சொன்னேன், மூணு பேரையும் சொன்னேன், வள்ளியையும் சொன்னேன். கூட்டம் வந்த வழியே திரும்பி ஓடுச்சு, இந்தத் தடவை அவனைத் தேடி. அவன் ஓடல. அத்தனை பேரு ஓடி வாரதைப் பாத்து எந்திரிச்சு நின்னானாம், இடுப்புத் துணியைச் சரி பண்ணிக்கிட்டு.

வள்ளி பொழைச்சுக்கிட்டா. கை மட்டும் சித்தக் கோணல். ஆஸ்பத்திரியில பேச்சு வந்ததும் அவளும் சொன்னா, பின்னாடி இருந்து தள்ளுனது யாருன்னு. கேஸ் திண்டுக்கல்லுல நடந்துச்சு. சாட்சி சொல்ல என்னையும் கூப்பிட்டாக, போனேன். கோர்ட்டு வாசல்ல நிக்க எடமில்ல. குஜிலியம்பாறை, நத்தம், எங்கெங்கயோ இருந்து ஜனம் பஸ் ஏறி வந்து மரத்து மேலயெல்லாம் உக்காந்திருக்கு. உள்ளயும் அப்படித்தான். நான் கூண்டுல ஏறி, கேட்டதுக்கெல்லாம் நடந்ததை அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டல, கொறைக்கல. அவன் எதுக்குச் செஞ்சான்னு மட்டும் எங்கிட்ட யாரும் கேக்கல. சொல்லிக்கிட்டே அவன் மொகத்தைப் பாத்தேன், ஒருக்காவாச்சும் என்னைப் பாப்பானான்னு. அவன் என் தலைக்கு மேல, எனக்குப் பின்னாடி நின்ன கூட்டத்தையே ஒவ்வொரு ஆளாப் பாத்துக்கிட்டு இருந்தான். மொகத்துல அந்தக் களை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுக் கூண்டை விட்டு இறங்கி வந்து பஸ் ஏறிட்டேன்.